ஷார்ட் பிரேக் டப்பாவுக்கு என்ன செய்து கொடுக்கலாம்?

பெங்களூரில் பல பள்ளிகளில் காலை பத்து, பத்தரை வாக்கில் ஒரு ஷார்ட் பிரேக் விடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம்தான், அதற்குள் பிள்ளை பாத்ரூம் போய், கை கழுவி, பக்கத்து டப்பாவை எட்டிப் பார்த்து, மிச்சமிருக்கும் நேரத்தில்தான் வாயில் எதையாவது போட முடியும். அதனால் பண்டத்துக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை சத்து இல்லை. ஸ்பூன் வேண்டாத, கையில் எண்ணெய் ஒட்டாத, ஆறி மூன்று மணி நேரம் ஆன பிறகும் ருசிக்கிற பண்டமா என்பதுதான். எவ்வளவு சத்தானதாக இருந்தாலும் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தால் என்ன பிரயோஜனம்? புதிதாக எது செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து டப்பாவில் மூடி வைத்து, பத்தரைக்குத் திறந்து பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். அதில் தேறியதை மட்டும் பள்ளிக்கு அனுப்புங்கள்.

எங்கள் வீட்டில் எப்போதும் தேறுவது ராகி உருண்டை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ஒரு கப் ராகி மாவை இரண்டு ஸ்பூன் நெய்யில், தீயைச் சிறிதாக வைத்து வறுங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். முதலில் பச்சை மாவு வாசனை வரும், அப்புறம் ஒன்றுமே வராது, எட்டுப் பத்து நிமிடத்தில் மாவு கரண்டியில் லேசாகி, வறுத்த வாசனை அடுப்படி தாண்டி வரும். அதற்கு முன்னால் இறக்கினால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், பிள்ளைகள் அடுத்த தடவை தொட மாட்டார்கள். இங்கே கடைகளில் கிடைக்கும் ராகி ஹுரி ஹிட்டு, ராகியை ஏற்கெனவே பொரி மாதிரி பொரிய வறுத்து அரைத்த மாவு, அதை வாங்கினால் இந்த வேலை மிச்சம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அரை கப், பொடித்த வெல்லம் அரை கப், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் ஐந்தாறு, ஏலக்காய் எல்லாவற்றையும் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி மாவில் கலந்து, சூடான நெய் இன்னும் இரண்டு ஸ்பூன் ஊற்றி நெல்லிக்காய் அளவுக்குப் பிடியுங்கள். தண்ணீர் படாமல் செய்தால் எவர்சில்வர் டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். வெல்லமும் சர்க்கரைதான், அதனால் நாளைக்கு இரண்டு உருண்டை போதும். சில பள்ளிகளில் வேர்க்கடலையே கூடாது என்பார்கள், அப்போது அதே அளவு பொட்டுக்கடலை. எல்கேஜி குழந்தைக்கு முழுக் கடலையாக எதையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

அடுத்தது குழிப்பணியாரம். மூன்றாம் நாள் புளித்த இட்லி மாவு இரண்டு கப்பில், முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கைப்பிடியைக் கொரகொரவென்று அரைத்துச் சேர்த்து, துருவிய கேரட், கறிவேப்பிலை, கடுகு தாளித்துக் கொட்டினால் சட்னியே தேவையில்லை. வெங்காயம் வேண்டாம், மூடிய டப்பாவுக்குள் அந்த வாசனை மாறிவிடும். ஆனால் செய்முறையைவிட முக்கியம், சூட்டோடு மூடாமல் இருப்பது. ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து, சொட்டி, பணியாரத்தை ஊற வைத்துவிடும். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் அவசரத்திலும் ஒரு தட்டில் பரப்பி ஃபேனுக்கடியில் ஐந்து நிமிடம் ஆற விடுங்கள்.

சுண்டலுக்கும் இதே கதைதான். ராத்திரி ஊறிய கொண்டைக்கடலையை வேக வைத்து நன்றாக வடிகட்டி, தாளித்த பிறகு ஈரம் போகும் வரை வாணலியில் புரட்டுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் தேங்காய் போடாதீர்கள், பிரேக்குக்குள் ஊசிவிடும், கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும். டிசம்பர், ஜனவரியில் ஊரே அவரைக்காய் (பச்சை மொச்சை) மணக்கும்போது, ஊற வைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை உப்புப் போட்டு வேக வைத்து இதே மாதிரி தாளித்துக் கொடுத்துப் பாருங்கள், பட்டாணியை ஒதுக்கும் பிள்ளைகூடச் சாப்பிடும்.

ஒன்றுமே செய்ய முடியாத நாளில் ஹாப்காம்ஸ் என்கிற காய்கறி, பழக் கூட்டுறவுக் கடையில் வாங்கிய இரண்டு ஏலக்கி வாழைப்பழம். சின்னது, டப்பாவில் நசுங்காமல் அடங்கும், நறுக்கத் தேவையில்லை. கொய்யாவும் நல்லது. ஆப்பிள் என்றால் நறுக்கி உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, துடைத்து வையுங்கள், கறுக்காது.

சிப்ஸ் பாக்கெட் கேட்டு அழுவார்கள், அது எல்லா வீட்டிலும் உண்டு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-இலேயே விதி போட்டிருக்கிறது. ஆனால் நம் வீட்டு டப்பாவுக்குள் என்ன போகிறது என்பதை எந்த விதியும் பார்க்காது, நாம்தான் பார்க்கணும். நான் முழுசாக மறுப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில், ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கொடுப்பேன், பாக்கெட்டோடு இல்லை.

அப்புறம் டப்பா. மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் தினமும் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். பழைய வாசனை தங்குவது அந்த வளையத்தில்தான், பிள்ளை 'நாறுது' என்று சொன்னால் பண்டத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை எடுத்து முகர்ந்து பாருங்கள்.