தகடு வார்க்கும் முன் அலுமினியக் குழம்பைத் தேற்றுவது எப்படி?

பழைய பாத்திரமும் வயர் துண்டும் உருக்கி, பலகை வார்த்து, உருட்டித் தகடாக்கும் வேலையைச் சேலத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். தகட்டில் கொப்புளமோ விளிம்பில் வெடிப்போ வந்தால் உருளை மேல்தான் சந்தேகம் போகும். பெரும்பாலும் கோளாறு உலையிலேயே தொடங்கியிருக்கும்.

படி 1: ஈரத்தைப் போக்குங்கள்
சரக்கு, கரண்டி, ஃப்ளக்ஸ் (கசடைப் பிரிக்கத் தூவும் உப்புத் தூள்) எல்லாவற்றையும் நன்றாகச் சூடாக்கிக் காயவையுங்கள். ஈரக் கரண்டி குழம்புக்குள் போனால் நீர் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரி அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கெடுதலும் உண்டு: அலுமினியம் நீராவியைப் பிளந்து ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருகிய உலோகத்தில் கரையும் ஹைட்ரஜனில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்குதான் உறைந்ததில் தங்கும். மீதி துளையாக நிற்கும். உருட்டினால் நசுங்கும், தகட்டைச் சூடாக்கினால் கொப்புளமாக எழும். ஐப்பசி மழையில் இன்னும் கவனம் வேண்டும்.

படி 2: கசடு எடுங்கள்
அலுமினியம் 660 டிகிரியில் உருகும். 720–740 போதும், அதற்கு மேல் ஏற்றினால் வாயுவும் கசடும் கூடும். உப்பு வகை ஃப்ளக்ஸைத் தூவி, மெதுவாகக் கலக்கி, மிதக்கும் கசடை வழித்தெடுங்கள்.

படி 3: வாயு நீக்குங்கள்
கிராஃபைட் குழாயை அடிவரை இறக்கி, காய்ந்த நைட்ரஜனையோ ஆர்கானையோ விடுங்கள். குமிழி சிறிதாக இருந்தால்தான் ஹைட்ரஜன் அதற்குள் அதிகம் ஏறி வெளியேறும். மேற்பரப்பு கொதிப்பதுபோல் துள்ளினால் வேகத்தைக் குறையுங்கள், உடைந்த பரப்பு மறுபடி வாயுவைக் குடிக்கும். வாயு நீக்கக் குழம்பில் போடும் குளோரின் மாத்திரையின் புகை நுரையீரலைக் கெடுக்கும், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

படி 4: மணியைப் பொடியாக்குங்கள்
மணி என்பது உலோகம் உறையும்போது உருவாகும் சிறு படிகம். 5 சதவீத டைட்டானியமும் 1 சதவீத போரானும் உள்ள அலுமினியக் கம்பியை 100 கிலோவுக்கு 100–200 கிராம் போடுங்கள். அதிலுள்ள டைட்டானியம் போரைடு துகள்களின் மேல்தான் புது மணிகள் முளைக்கும். இவை கனமானவை, நேரமானால் அடியில் படிந்துவிடும். அதனால் கலக்கிய சில நிமிடங்களில் வார்த்துவிடுங்கள்.

பலன் தெரிய ஒரு துண்டை அறுத்து, தேய்த்து, கையுறையோடு சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுங்கள். கருப்புப் படலத்தை நீர்த்த நைட்ரிக் அமிலம் எடுக்கும். கம்பி போடாத துண்டில் ஓரத்திலிருந்து நடு நோக்கி நீண்ட மணிகள் தெரியும், போட்டதில் ரவை போலப் பொடியாக இருக்கும். உருட்டும்போது வெடிப்பு குறைவது இரண்டாவதில்தான்.

இரும்பு மட்டும் போகாது
ஏற்காட்டுப் பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய்ப் புது உலோகமானது ஒரு காலம். நம் கைக்கு வருவது பழைய சரக்கு, அதில் இரும்பு கலந்தே வரும். ஃப்ளக்ஸும் வாயுவும் அதை எடுக்காது. உறையும்போது இரும்பு சிலிக்கானோடு சேர்ந்து ஊசி வடிவத் துகள்களாகி, தகட்டை நொறுங்க வைக்கும். கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் அந்த ஊசிகள் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறும், வேகமாகக் குளிர்த்தால் சிறுத்துவிடும். உருக்கும் முன்பே காந்தம் வைத்து ஸ்க்ரூ, ஆணிகளைப் பொறுக்கிவிடுங்கள். குழம்பில் இறங்கும் இரும்புக் கருவிகளுக்குப் பூச்சு பூசி, அதுவும் காய்ந்த பிறகே இறக்குங்கள்.