ஏற்காட்டு மலையில் ஊராட்சித் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவது எப்படி?

சேலம் மாநகராட்சிக்காரருக்கு வேலை சுலபம், தன் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு, மேயரை அங்குள்ள 60 கவுன்சிலர்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். மலைமேல் நமக்கு அப்படியில்லை. 2019 தேர்தலில் கையில் நாலு சீட்டு கொடுத்தார்கள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள்.

முதல் இரண்டில் கட்சிச் சின்னத்தைத் தேடாதீர்கள், இருக்காது. பூட்டு, சாவி, ஆட்டோ மாதிரி ஏதாவதுதான் இருக்கும், அதனால் உங்கள் ஆளின் சின்னத்தை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையை ஒரே கட்டத்துக்குள் குத்தி, மை பக்கத்துச் சின்னத்தில் ஒட்டாதபடி மடியுங்கள், அவசரத்தில் இங்கேதான் பலர் ஓட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

யாருக்குப் போடுவது? சொந்தக்காரர், சாதிக்காரர் என்ற பேச்சு எப்படியும் வரும், சரி, வரட்டும். தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சியின் வேலை, அதை யார் செய்வார் என்று பாருங்கள். அப்புறம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைக்குப் போய் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மானம் எழுதாத வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.