மணல் கொதிக்க வேண்டும், பறக்கக் கூடாது

மீன் தொட்டிக்கு மணல் படுகை ஃபில்டர் (நிமிர்ந்த குழாய்க்குள் மணலை நீரோட்டத்தில் மிதக்கவிட்டு நீரைச் சுத்தம் செய்யும் கருவி) வாங்கியவர்கள் "எவ்வளவு மணல் போடணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் பம்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது மணலில் ஒட்டி வளரும் பாக்டீரியா. அந்த மணலை ஓயாமல் மிதக்க வைப்பது பம்ப். ஓட்டம் நின்றால் பாக்டீரியாவுக்கு மூச்சு நின்றது போல.

0.3 முதல் 0.6 மி.மீ. வரை, ஒரே சீரான சிலிக்கா மணல் போதும். கழுவிய தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டு, குழாயில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். பம்பின் வாயில் ஸ்பாஞ்ச் கட்டாயம். இந்த ஃபில்டர் அழுக்கைப் பிடிக்காது. உள்ளே போகும் குப்பை அடியில் தேங்கி ஓட்டத்தைத்தான் அடைக்கும்.

படிந்திருக்கும் மணலின் உயரத்தைக் குழாயின் வெளியே மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வால்வை மெல்லத் திறந்து, மணல் அதைப்போல் ஒன்றரை மடங்கு எழும்பியதும் நிறுத்துங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு துகளும் தனித்தனியாக உருள வேண்டும். மேலே மணல் முடிந்து தெளிந்த நீர் தொடங்கும் எல்லை கோடு போட்டது போலத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஊற்றுப் போலப் பொங்கி மறுபக்கம் அசையாமல் கிடந்தால், அந்த மூலை கறுத்து அழுகும். குழாயை நேராக நிமிர்த்தி, கட்டிய மணலைக் குச்சியால் கிளறிவிடுங்கள்.

சில வாரங்களில் துகள்கள்மேல் பழுப்புப் படலம் ஏறும். படலம் தடிக்கத் தடிக்க மணல் லேசாகி உயரும். அப்போது ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் மணல் தொட்டிக்குள் வந்து விழும்.

அம்மோனியாவில் உள்ள 1 மி.கி. நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறக்குறைய 4.6 மி.கி. ஆக்சிஜன் செலவாகிறது. அதனால் வெளிவரும் நீரை மேற்பரப்பில் சலசலவென்று விழவிடுங்கள். நைட்ரேட்டை இந்த ஃபில்டர் குறைக்காது, தண்ணீர் மாற்றும் வேலை உங்களுடையதுதான்.

மின்வெட்டைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஒருமுறை இரவெல்லாம் மின்சாரம் இல்லை. காலையில் வந்ததும் யோசிக்காமல் சுவிட்சைப் போட்டேன். அழுகிய முட்டை வாடையோடு தண்ணீர் தொட்டிக்குள் இறங்கியது. சிறிது நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஆறு கோரிடோரஸ் மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை. அசையாத மணலில் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போயிருந்தது.

இப்போது பம்புக்கு பேட்டரி இணைப்பு வைத்திருக்கிறேன். பம்ப் நின்றால் மணல் அதற்குள் திரும்ப இறங்காதபடி நான்-ரிட்டர்ன் வால்வும் உண்டு. ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றிருந்தால் வெளிக்குழாயை வாளிக்குத் திருப்பி, வாடை போய்த் தெளிவாக வரும் வரை கொட்டிவிட்டுத்தான் தொட்டியோடு இணைப்பேன். அடுத்த ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி, தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதிக்கிறேன்.