டெல்லி வெயிலுக்கு ஒரு பச்சைக் கீரை: குல்ஃபாவைச் சமைக்காமல் சாப்பிடுவது எப்படி

ஏப்ரல் பாதியைத் தாண்டிவிட்டால் டெல்லியில் நல்ல கீரை கிடைப்பதே பெரும்பாடு. குளிர்காலம் முழுக்க மலிந்து கிடந்த மேத்தி, பத்துவா, கடுகுக்கீரை எல்லாம் போய்விடும், பாலக் வந்தாலும் வண்டியிலேயே பாதி வதங்கியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் தள்ளுவண்டியிலும் வாரச் சந்தையிலும் குல்ஃபா என்று ஒரு கீரை வரும், நாம் பெரும்பாலும் அதைத் தாண்டிப்போய் சௌலாய் என்கிற தண்டுக்கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அது வேறொன்றும் இல்லை, ஊரில் பருப்போடு கடைகிற பருப்புக்கீரைதான். கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் இருக்கிற நம்மவர்களில் இதைத் தெரிந்து வாங்குகிறவர்களும் நேராகக் குக்கரில் போட்டுவிடுகிறார்கள். கடைசல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கீரையின் அருமை பச்சையாகத் தின்னும்போதுதான் தெரியும், அதிலும் தயிரோடு.

காரணம் சொல்கிறேன். இதில் 93 சதவீதம் தண்ணீர், 100 கிராமுக்கு 20 கலோரிதான். அதே 100 கிராமில் சுமார் 20 மில்லிகிராம் வைட்டமின் சி, 68 மில்லிகிராம் மக்னீசியம், 490 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. வேகவைத்தால் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி போய்விடும். இதைப் பற்றி எல்லோரும் பேசுவது ஒமேகா-3 என்கிற நல்ல கொழுப்பைப் பற்றித்தான்: 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பதாக அளந்திருக்கிறார்கள், இலைக்கீரைகளில் அது பெரிய அளவு. அதற்காக மீனுக்கு மாற்று என்று நினைத்துவிட வேண்டாம். இதில் இருப்பது தாவர வகை ஒமேகா-3, மீனில் இருக்கிற வகையாக அதில் கொஞ்சத்தைத்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும். தவிர ஒரு வேளைக்கு நாம் சாப்பிடப் போவது ஒரு கைப்பிடி, ஒரு ஸ்பூன் ஆளிவிதைப் பொடியில் இதைவிடப் பல மடங்கு உண்டு. வெயில் காலத்தில் வாய்க்குப் பிடித்த மாதிரி புளிப்பாக, மொறுமொறுவென்று ஒரு கீரை, கூடவே இவ்வளவு சத்து என்றால் அதுவே போதாதா?

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? இலை குட்டிக் கரண்டி மாதிரி இருக்கும், தடிப்பாக, வழவழவென்று, துளி மயிர்கூட இல்லாமல். தண்டு லேசாகச் சிவந்திருக்கும், ஒடித்தால் பட்டென்று ஒடிந்து நிறமில்லாத தண்ணீர் கசியும். மஞ்சள் பூவோ மொட்டோ நிறைய தெரிந்தால் அந்தக் கட்டு பருப்புக்குத்தான் சரி, தண்டு முற்றியிருக்கும், கறுப்பு விதை மணல் மாதிரி பல்லில் நறநறக்கும்.

வீட்டுத் தொட்டியிலோ பூங்காவிலோ தானாக முளைத்ததைப் பறிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியமாக இருக்கக் கூடாது. இதே போலத் தரையோடு படர்கிற சித்திரப்பாலாடை வகைச் செடிகள் பக்கத்திலேயே முளைத்திருக்கும். அவற்றின் தண்டைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் வாய், வயிறு, கண் எல்லாவற்றையும் எரிக்கும். பால் வந்தால் அது நம் கீரை இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு கொடியையும் கிள்ளிப் பார்ப்பதில் தப்பில்லை. சாலை ஓரம், சாக்கடை ஓரம் வளர்வதைத் தொடவே வேண்டாம், மண்ணில் இருக்கிற ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்களை இந்தச் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். யமுனைக் கரை வயல்களில் உணவுப் பயிர் கூடாது என்று 2015-இல் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதே இந்த மாதிரிக் கவலையால்தான்.

பச்சையாகச் சாப்பிடுவதால் கழுவுவதில்தான் முக்கால்வாசி வேலை. தரையோடு வளர்வதால் கணுவுக்குக் கணு மண் இருக்கும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமுக்கி ஆட்டி, கீரையை மட்டும் மேலாக அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்துச் சாய்த்தால் அடியில் படிந்த மண் திரும்ப இலைமேல்தான் வரும். அடியில் மண் தெரியாதவரை இப்படியே செய்துவிட்டு, கடைசி அலசலைக் குடிக்கிற தண்ணீரில் முடியுங்கள். பிறகு பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போகவிட வேண்டும். கத்தி வேண்டாம், பொடியாக நறுக்கினால் வழவழப்பு வெளியே வந்து கொழகொழத்துவிடும். நுனிக்கொத்தையும் இளந்தண்டையும் விரலால் கிள்ளிப் போட்டால் போதும், முற்றின தண்டைப் பருப்புக்கு எடுத்து வையுங்கள்.

முதலில் தயிர்ப் பச்சடி. இரண்டு கைப்பிடி கீரைக்கு ஒரு கப் கெட்டித் தயிர், ஒரு பல் பூண்டு நசுக்கியது. எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, ஆறியதும் கொட்டிக் கலக்க வேண்டும். எண்ணெயைத் தவிர்க்காதீர்கள், இலையில் இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். உப்பு மட்டும் சாப்பிட உட்காரும்போது, முன்னாடியே போட்டால் கீரை தண்ணீர் விட்டுப் பச்சடி மோராகிவிடும். துருக்கியிலும் பூண்டு போட்ட தயிரில் இப்படித்தான் கலந்து சாப்பிடுகிறார்கள், தாளிப்புதான் நம்முடையது.

அடுத்தது கோசுமல்லி. கால் கப் பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய கக்டி (நீளமான வெள்ளரி வகை), தேங்காய்த் துருவல், கீரை சேர்த்துக் கடுகு தாளியுங்கள். எலுமிச்சை பாதி அளவு போதும், கீரையே புளிக்கும். தண்ணீர் குறைவாகக் கிடைத்து வளர்ந்த செடி ராத்திரியில் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கும், அதனால் தொட்டியில் வளர்க்கிறவர்கள் விடியற்காலையில் பறித்தால் நல்ல புளிப்பு, சாயங்காலம் பறித்தால் சாதுவாக இருக்கும்.

மூன்றாவது, மிஞ்சின சப்பாத்தி இருக்கிற நாளுக்கு. லெபனான் பக்கம் ஃபத்தூஷ் என்ற சாலட்டில் இந்தக் கீரையோடு வறுத்த ரொட்டித் துண்டு சேர்ப்பார்கள். சப்பாத்தியைத் தோசைக்கல்லில் முறுகவிட்டு உடைத்து, தக்காளி, வெங்காயம், கீரை, எண்ணெயோடு பிரட்டி மேலே அம்சூர் (காய்ந்த மாங்காய்) பொடி தூவினால் அதே மாதிரி வந்துவிடும். உடனே சாப்பிட வேண்டும்.

எல்லோருக்கும் இது ஒத்துவருமா என்றால், இல்லை. சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் இதில் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பச்சையாகச் சாப்பிடாமல் இருப்பதுதான் நல்லது, டெல்லி வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினால் கல் சேர்வது இன்னும் சுலபம். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் சமைத்தே சாப்பிடட்டும். மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடலாம். நான் தயிரையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுதான் காரணம்: தயிரில் இருக்கிற கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் உடம்புக்குள் போவது குறையும்.

கட்டை வாங்கின அன்றே பயன்படுத்த முடியாவிட்டால் கழுவாமல் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். அதிலிருந்து நான்கு தண்டை எடுத்து அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்ணீர் தேங்காத மண்ணில் குத்தி வைத்தால் பால்கனியிலேயே வேர் பிடித்துவிடும், வெயிலுக்கு அஞ்சாது, குளிர் வந்தால் போய்விடும். நர்சரியில் கலர் கலராகப் பூத்து நிற்கிற பத்துமணிப்பூ இதற்குச் சொந்தம்தான் என்றாலும் அழகுக்காக வளர்ப்பது, என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது, அதைச் சாப்பிட எடுக்க வேண்டாம்.