ரெண்டாந்தரம் கிட்னி மாத்தப்போற பிள்ளைக்கு ஆன்டிபொடி விஷயத்தில என்ன கவனிக்கோணும்

முதல் வச்ச கிட்னி பழுதாகி பிள்ளை திரும்ப டயாலிசிஸ்ல நிக்குதெண்டா, அடுத்ததுக்கு ரத்த குறூப் பொருந்தினா மட்டும் காணாது. பழைய கிட்னியில இருந்த எச்எல்ஏ அடையாளங்களுக்கு (தன்ரயா பிறத்தியா எண்டு உடம்பு பாக்கிற, செல்லுகளில இருக்கிற அடையாளம்) எதிரா ஆன்டிபொடி (பிறத்தியானை அடிக்க உடம்பு செய்யிற புரதம்) வந்திருக்கலாம், அதே அடையாளத்தோட இன்னொரு கிட்னி வந்தா உடம்பு அதை அடிக்கும்.

முதல் தந்தது அம்மா எண்டு வையுங்கோ. அம்மான்ர எச்எல்ஏயில பாதி பிள்ளைக்கும் இருக்கும், மற்றப் பாதிக்குத்தான் ஆன்டிபொடி வாறது. பிறகு மாமாவோ சித்தியோ தாறன் எண்டு வந்தா அவையிட்டயும் அந்தப் பாதி இருக்கலாம். அப்பா பக்கம் நல்லா வரலாம், ஆனா டெஸ்ட் செய்யாம சொல்லேலாது. அதால முதல் டோனரின்ர (கிட்னி தந்த ஆளின்ர) எச்எல்ஏ டைப்பிங் ரிப்போர்ட்டை எப்பிடியாவது தேடி எடுத்து போட்டோகொப்பி அடிச்சு வையுங்கோ.

ரத்தம் ஏத்தினாலும் ஆன்டிபொடி கூடும். எச்பி (ஹீமோகுளோபின்) குறையாம அயர்னும் ரத்தம் ஊற வைக்கிற எரித்ரோபொயட்டின் ஊசியும் ஒழுங்கா போகுதா எண்டு பாருங்கோ, ஏத்தத்தான் வேணுமெண்டா வெள்ளையணு வடிச்ச ரத்தம் கிடைக்குமா எண்டு கேளுங்கோ. அவசரத்தில மறுக்கவேண்டாம், ஆனா ஏத்தினதை ட்ரான்ஸ்பிளான்ட் டீமுக்கு சொல்லோணும், ஏனெண்டா பழைய குறொஸ்மட்ச் (டோனரின்ர செல்லோட பிள்ளையின்ர ரத்தத்தைச் சேத்துப் பாக்கிற டெஸ்ட்) ரிசல்ட் பிறகு செல்லாது. பழுதான கிட்னிக்கு குடிச்ச குளிசையையும் நீங்களா நிப்பாட்டவேண்டாம்.

டோனருக்கு எதிரா ஆன்டிபொடி இருந்தா அதைக் குறைக்க பிளாஸ்மா மாத்துறது, ஐவிஐஜி (நரம்பில ஏத்துற இம்யூனோகுளோபுலின்), ரிட்டுக்சிமாப் மருந்து எண்டு வழியள் இருக்கு. செலவும் இன்பெக்‌ஷன் பயமும் கூட, என்னைக் கேட்டா பொருந்துற வேற டோனர் இருந்தா அதுதான் முதல்.

மாத்தின பிறகு வாற ஆன்டிபொடிக்கு பெரிய காரணம் குளிசை தவறுறது, பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளையள் அம்மாவுக்கு ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு குடிக்காதுகள். உடம்பு கிட்னியை அடிக்காம இருக்கக் குடிக்கிற டக்ரோலிமஸ், வழமையான வகையெண்டா 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ரத்தத்தில அதின்ர லெவல் பாக்கிற நாள் காலமைக் குளிசை குடிக்க முதல் ரத்தம் எடுக்கோணும், திருகோணமலையில இருந்து இரவு பஸ்ல கண்டிக்குப் போறனீங்களெண்டா குளிசையை ஹான்ட்பேக்ல வச்சிருந்து ரத்தம் குடுத்த கையோட குடுங்கோ. வயித்தோட்டம் வந்தா லெவல் ஏறும், வலிப்பு மருந்து பினிட்டொயினும் டிபிக்கு குடுக்கிற ரிஃபாம்பிசினும் இறக்கும், எரித்ரோமைசின் ஏத்தும், எந்த டொக்டரிட்ட போனாலும் இதை முதலே சொல்லுங்கோ.

சின்னப் பிள்ளைக்கு வளர்ந்த ஆளின்ர கிட்னி வச்சா உள்ளுக்கு றிஜெக்‌ஷன் (உடம்பு கிட்னியை அடிக்கிறது) தொடங்கினாலும் கிரியேட்டினின் (கிட்னி வேலை குறைஞ்சா ரத்தத்தில கூடுற கழிவு) கெதியா ஏறாது. கொஞ்சம் கூடினாலும் அடுத்த கிளினிக் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம அண்டைக்கே கோல் எடுத்து, ஆன்டிபொடி டெஸ்டும் பயொப்சியும் (கிட்னியில சின்னத் துண்டு எடுத்துப் பாக்கிறது) வேணுமா எண்டு கேளுங்கோ.