பந்து பறிபோவது பெஞ்சில் தொடங்குகிறது: புதுப் பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் அக்டோபரிலும் எங்கள் கூடைப்பந்து ஜிம்முக்குப் புது உதவிப் பயிற்சியாளர் யாராவது வந்து சேர்கிறார். பெரும்பாலும் போன வருடம்வரை தானே ஆடிக்கொண்டிருந்தவர். நவம்பரில் முதல் ஆட்டம் முடிந்து ஆட்டப் புள்ளிவிவரத் தாளான பாக்ஸ் ஸ்கோர் கைக்கு வந்ததும் அவர் சொல்வது வருடம் தவறாமல் ஒன்றுதான்: "இத்தனை டர்ன்ஓவரா! யாரும் கவனமாக ஆடவில்லை." ஷாட் போடாமலே பந்தை எதிரணியிடம் இழப்பதுதான் டர்ன்ஓவர். நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் ஒஹாயோவில், கல்லூரி விளையாட்டின் டிவிஷன் 3 பிரிவில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியோடு இருக்கிறேன். இந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. வேதியியல் லேப் முடித்துவிட்டு ஓடி வருகிற பெண்களை வைத்துத்தான் ஆட வேண்டும். கவனம் அவர்களிடம் குறைவில்லை. அந்த நொடியில் எதைப் பார்ப்பது, எப்போது முடிவெடுப்பது என்பதை நாம் சரியாகக் கற்றுக்கொடுப்பதில்லை. காலை நகர்த்தி டிராவல் வாங்குவது, கோட்டை மிதிப்பது, பார்க்காமல் பாஸ் போடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை, பயிற்சியில் தானாகவே குறையும். பயிற்சியாளர்கள் உண்டாக்கும் டர்ன்ஓவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

வேகமாக ஆடும் அணிக்கு வாய்ப்புகள் அதிகம், அதனால் டர்ன்ஓவரும் அதிகம். 80 முறை பந்தைக் கொண்டுபோய் 16 முறை இழந்தால் 20 சதவீதம். 64 முறை கொண்டுபோய் 14 முறை இழந்தால் கிட்டத்தட்ட 22 சதவீதம். பாக்ஸ் ஸ்கோரில் இரண்டாவது அணிதான் ஒழுங்காக ஆடியதாகத் தெரியும்.

அப்புறம், எல்லா டர்ன்ஓவரும் ஒரே விலை இல்லை. பந்து வெளியே போனால் விசில் அடிக்கும், நம் ஐந்து பேரும் திரும்பி ஓடி டிஃபென்ஸில் நிற்க நேரம் கிடைக்கும். நடுக்களத்தில் பறிபோனால் எதிரணிக்கு ஆளில்லாத லேஅப், அதாவது கூடைக்கு அருகே போய்ப் போடும் எளிய ஷாட். முதலாவதில் நம் வாய்ப்பு ஒன்று போகிறது, இரண்டாவதில் அதோடு சேர்த்து 2 புள்ளியும் போகிறது. வீடியோ பார்க்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். அதைச் செய்யாமல் "இன்று பதினெட்டு" என்று வெள்ளைப் பலகையில் எழுதிவைப்பதால் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை.

தப்பு நடந்த அடுத்த நொடியில் ஆளை வெளியே இழுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு ஒரு பாஸ் போடுகிறாள், பறிபோகிறது. எதிரணி லேஅப் போட்டு முடிப்பதற்குள் பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்துக் கையைக் காட்டியிருப்பார். மாற்று ஆட்டக்காரி ஸ்கோரர் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பாள். அடுத்த விசிலில் முதல் பெண் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவாள். அவளிடம் ஒருவரும் பேசுவதில்லை. அவள் டவலைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்காருவாள். பொறுப்போடு ஆடக் கற்றுக்கொடுப்பதாகப் பயிற்சியாளர் நினைத்துக்கொண்டிருப்பார்.

அவள் என்ன கற்றுக்கொண்டாள் என்பது திரும்ப உள்ளே போனபிறகு தெரியும். முதல் ஆண்டு மாணவி ஒருத்தியை நினைத்துச் சொல்கிறேன். எங்கள் அணியில் இருந்தவர்களிலேயே நல்ல பார்வை உள்ளவள். கூடைக்குக் கீழே பின்பக்கமாக வெட்டி ஓடிய தோழியைச் சரியான நேரத்தில் பார்த்து, சரியான இடத்துக்குப் பந்தைப் போட்டாள். தோழியின் விரலில் பட்டு வெளியே போனது. கணக்கில் டர்ன்ஓவர் இவள் பெயரில். உடனே வெளியே அழைக்கப்பட்டாள். இரண்டாம் பாதியில் அதே ஓட்டம், அதே திறப்பு. பந்து இவள் கையில்தான் இருந்தது, பார்த்தாள், போடவில்லை. முதலில் பெஞ்சைப் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நின்றவளிடம் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்றவளும் அதையே செய்தாள். ஷாட் போடுவதற்கான 30 விநாடி ஷாட் கிளாக்கில் ஐந்து விநாடி மிச்சம் இருக்கும்போது யாரோ ஒருத்தி மூன்று பேருக்கு நடுவில் புகுந்து ஒரு கோணல் ஷாட் எறிந்தாள். பாக்ஸ் ஸ்கோரில் அது வெறும் தவறிய ஷாட். நம் பெண்ணின் கணக்கில் டர்ன்ஓவர் ஏறவில்லை. ஆட்டம் முடிந்ததும் புது உதவியாளர் காகிதத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, உட்காரவைத்தது வேலை செய்திருக்கிறது" என்றார். பயந்து ஆடுவதை அந்தக் காகிதம் முன்னேற்றமாகக் காட்டும். இந்தத் தவறு இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம்.

பயம் டர்ன்ஓவரைக் குறைப்பதும் இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: பறிபோகும் பாஸ்களில் பெரும்பாலானவை தவறான ஆளுக்குப் போனவையாக இருக்காது. சரியான ஆளுக்கு அரை விநாடி தாமதமாகப் போனவையாக இருக்கும். "போடலாமா, போட்டால் வெளியே இழுப்பார்களா" என்று யோசிக்கும் அந்த அரை விநாடியில் எதிராளியின் கை பாதைக்கு வந்துவிடுகிறது.

பயிற்சி நேரத்தில் இதற்கு ஒரு தம்பி உண்டு: ஒவ்வொரு டர்ன்ஓவருக்கும் மொத்த அணியும் கோட்டுக்குக் கோடு ஓட வேண்டும் என்ற தண்டனை. அதன் முதல் பலி கூடைக்கடியில் நிற்கும் உயரமான பெண். அவள் கை கொஞ்சம் மெதுவு, சில சமயம் பந்து நழுவும். அவளுக்குப் போட்டு அவள் விட்டால் எல்லோரும் ஓட வேண்டும், அதனால் வெளியே நின்று பந்தை நகர்த்தும் கார்டுகள் அவளுக்குப் போடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். பந்து வராததால் அவள் கை தேறுவதும் இல்லை. ஜனவரியில் எதிரணி இரண்டு பேரை வெளியே அனுப்பி நம் கார்டுகளை அடைக்கும்போது, "ஏன் உள்ளே போடவில்லை" என்று நாமே கத்துகிறோம்.

கெய்ட்லின் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். அயோவா பல்கலைக்கழக அணியில் அவரது கடைசி சீசனான 2023-24-இல் ஆட்டத்துக்குச் சராசரி 8.9 அசிஸ்ட் (தோழி கூடை போட உதவிய பாஸ்), 4-க்கும் மேல் டர்ன்ஓவர். அந்த டர்ன்ஓவர் கணக்கை மட்டும் எங்கள் புது உதவியாளரிடம் காட்டினால் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார். அயோவாவின் அப்போதைய பயிற்சியாளர் லிசா ப்ளூடர் உட்காரவைக்கவில்லை. அயோவா அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்த பெண்கள் அணி, தொடர்ந்து இரண்டாவது முறையாக இறுதி ஆட்டம் வரை போனது.

"எல்லோரும் கிளார்க் ஆக முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. அதனால்தான் தப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். பார்த்தது சரியா, நேரம் சரியா, கை சரியா? பார்த்தது சரி, கை தவறியது என்றால் ஆட்டத்தின்போது ஒன்றும் சொல்லாதீர்கள், நாளைக்குப் பயிற்சியில் கையைப் பார்த்துக்கொள்ளலாம். நேரம் தவறினால் ஒரே ஒரு வார்த்தை போதும்: "சீக்கிரம்." பார்த்ததே தவறு, அதுவும் திரும்பத் திரும்ப அதே தவறு என்றால் வெளியே எடுங்கள். ஆனால் பக்கத்தில் உட்காரவைத்து, களத்தில் நடப்பதைக் காட்டி, "அந்த மூலையில் நிற்கிறவள் யாரைப் பார்க்கிறாள் என்று சொல்" என்று கேளுங்கள். பதில் வந்ததும் உள்ளே அனுப்புங்கள். அந்த ஒரு நிமிட உரையாடலைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இல்லை என்றால் அவளை வெளியே எடுக்காதீர்கள்.

எதிராளி இல்லாத பயிற்சி

இரண்டு வரிசையாக நின்று மார்புக்கு நேரே பாஸ் போட்டுக்கொள்வது பார்க்க அழகாக இருக்கும். அதில் முடிவெடுக்க ஒன்றும் இல்லை. ஐந்து பேரும் ஆளில்லாத களத்தில் பிளேயை, அதாவது முன்பே திட்டமிட்ட ஓட்டத்தை, ஓடிப் பார்ப்பதும் அப்படித்தான். பாதை தெரியவரும், பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று தெரியவராது.

மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1-இல் உள்ள பெரிய அணிகள் பல, அதே கல்லூரியின் ஆண் மாணவர்களைப் பயிற்சி எதிரணியாக நிறுத்துகின்றன. நீளமான கைகள், வேகமான கால்கள். அதற்குப் பழகிய கார்டுக்கு ஆட்டத்தில் கிடைக்கும் இடைவெளி தாராளமாகத் தெரியும். அந்த வசதி இல்லாதவர்கள் ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்தலாம், டிரிபிளை, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு நகர்வதை, தடைசெய்துவிட்டு ஆடவைக்கலாம். முதல் வாரம் கண்றாவியாக இருக்கும். இருக்கட்டும்.

ஒற்றைக் கைப் பாஸைத் தடைசெய்வது

பெண்கள் பந்தின் சுற்றளவு 28.5 அங்குலம், ஆண்களுடையதைவிட ஓர் அங்குலம் குறைவு. ஒற்றைக் கைக்கு அடங்கும். கற்றுக்கொடுங்கள்.

பிரஸ்ஸை ஒருத்தி தலையில் கட்டுவது

2023 மார்ச்சில் சியாட்டிலில் நடந்த ஆட்டம் இது. தேசியப் போட்டியில் தொடர்ந்து 14 முறை இறுதி நால்வரில் இடம்பிடித்த கனெக்டிகட் அணியை, கெவின் மெக்கஃப் பயிற்சியளித்த ஒஹாயோ ஸ்டேட் 73-61 என்று வீழ்த்தியது. களம் முழுவதும் நெருக்கி மறிக்கும் முழுக்களப் பிரஸ்ஸில் கனெக்டிகட் 25 டர்ன்ஓவர் விட்டது. கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ் முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை, ஆஸி ஃபட் பல ஆட்டங்களைத் தவறவிட்டிருந்தார். பந்தைக் கொண்டுவரும் பாரம் பெரும்பாலும் நிகா மூல் மீதே இருந்தது, அந்த சீசனில் அவர் அசிஸ்டில் கனெக்டிகட்டின் ஒரு சீசன் சாதனையே படைத்திருந்தார். கனெக்டிகட்டுக்குப் பயிற்சியளித்த ஜீனோ ஆரியெம்மாவுக்கே இந்த நிலை என்றால் நம்மைப் போன்றவர்கள் எம்மாத்திரம்.

பிரஸ் செய்யும் அணி பந்து வைத்திருப்பவளை ஓரக்கோட்டுக்குத் தள்ளத்தான் பார்க்கும். நடுக்கோடும் ஓரக்கோடும் சேரும் மூலையில் இரண்டு பேர் அடைத்துவிட்டால் கோடுகளே எதிரணிக்கு ஆறாவது ஆளாகிவிடும். அங்கே போனபின் எந்தக் கார்டாலும் தப்புவது கடினம். எனவே பிரஸ்ஸை உடைப்பது மற்ற நான்கு பேரின் வேலை. ஒருத்தி பந்துக்குப் பின்னால், ஒருத்தி நடுவில், ஒருத்தி அதே ஓரத்தில் முன்னால், ஒருத்தி கூடைக்கடியில். நடுவில் வருபவள் பந்தை நோக்கி ஓடி வந்து வாங்க வேண்டும், நின்று காத்திருக்கக் கூடாது. அந்த இடத்துக்கு உங்கள் உயரமான பெண்ணைப் பழக்குங்கள். வாங்கியதும் டிரிபிள் செய்யாமல், இரு காலையும் ஊன்றி நின்று, திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பதற்கு இரண்டு பேர் போய்விட்டதால் எங்கோ ஒருத்தி தனியாகத்தான் இருப்பாள்.

பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பிளேயையும் கத்துவது

2013-14 சீசனுக்கு முன் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் பின்களத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பந்தை வைத்திருக்கலாம். இப்போது 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அதில் மூன்று விநாடியை நம் வாயைப் பார்ப்பதில் கழிக்கவைக்கிறோம். கார்டு பெஞ்சைப் பார்க்கும் நேரத்தில் எதிராளியைப் பார்க்கவில்லை என்பது நமக்கு உறைப்பதில்லை. பிளேயை அவளே கூப்பிடட்டும். பந்து நின்றிருக்கும்போது நீங்கள் பேசலாம்.

"தரை வழுக்கியது, பந்து புதுசு" என்ற சாக்கு

எதிரணிக்கும் அதே தரைதான், அதே பந்துதான்.

டைம் அவுட்டை முன்னாலேயே தீர்த்துவிடுவது

நான்காம் குவார்ட்டரின் கடைசி நிமிடத்தில், எதிரணி கூடை போட்டபின் நாம் டைம் அவுட் கேட்டால் பந்தை முன்களத்துக்கு நகர்த்தி அங்கிருந்து உள்ளே போடலாம். முழுக்களப் பிரஸ் முழுவதையும் ஒரே சைகையில் தாண்டிவிடலாம். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டே மூன்றாம் குவார்ட்டரில் நடுவரின் மேல் கோபத்தில் ஒன்று, பிளே குழம்பியதில் ஒன்று என்று செலவழித்துவிடுகிறார்கள். பிறகு 1 புள்ளி முன்னிலையில், 20 விநாடி இருக்க, களைத்துப்போன கார்டு நான்கு பேரின் கைகளுக்கு நடுவே 94 அடியைக் கடக்க வேண்டியிருக்கிறது.

அதோடு, பந்தை வெளியிலிருந்து உள்ளே போட யாரை நிறுத்துவது என்பதையும் அந்த டைம் அவுட்டில்தான் யோசிக்கிறார்கள். அதற்கு இருப்பது 5 விநாடி. உங்கள் அணியிலேயே பொறுமையான பாஸர் யாரோ அவளை நிறுத்துங்கள். அவள் பாயிண்ட் கார்டாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் உள்ளே வாங்குவதற்குப் பாயிண்ட் கார்டு வேண்டும். நாங்கள் ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குகிறோம்: ஸ்கோர் சமம், கடிகாரத்தில் 12 விநாடி, எதிரே ஆறு பேர், உள்ளே போடுபவள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு ஆள்.