கூலன்ட்டுக்குப் பதில் தண்ணீர்: எவ்வளவு ஊற்றலாம், எப்போது மாற்ற வேண்டும்?

வழியில் இன்ஜின் சூடேறி, கையில் கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) இல்லையென்றால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றலாம். வெப்பத்தை இழுத்துக்கொண்டு போவதில் கூலன்ட் கலவையைவிட வெறும் தண்ணீரே மேல். ஆனால் அது கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவையைவிட 7, 8 டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் இல்லை. கடும் குளிரில் உறைந்து விரிந்து இன்ஜினின் உடலான பிளாக்கையே பிளந்துவிடும்.

வெப்பம் காட்டும் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியோடு அழுத்திப் பாருங்கள். கல் போல் இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. தளர்ந்தபின் தடித்த துணி போட்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, 'உஸ்' சத்தம் முழுதாக நின்றபிறகு கழற்றுங்கள். இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளையலாம், விரிசல் விடலாம். அவசரப்பட்டால் அரை மணி நேர மிச்சத்துக்கு ஹெட் வேலைதான் கூலி.

எந்தத் தண்ணீர்? டிஸ்டில்டு வாட்டர் முதல் தேர்வு. பேட்டரிக்கு ஊற்றுவதும் அதுதான், ஆனால் பேட்டரி ஆசிட்டை மாற்றி எடுத்துவிடாதீர்கள். அது இல்லையா, ஆர்ஓ தண்ணீர். போர் தண்ணீர் கடைசி வழி: சூட்டில் அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 லிட்டர் கொள்ளளவு, பாதிக்குப் பாதி கலவை. அதில் 1 லிட்டர் ஒழுகி, அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் கூலன்ட் சுமார் 42 சதவீதமாகும், பயப்பட ஒன்றுமில்லை. 2 லிட்டர் என்றால் 33 சதவீதம். அதற்குக் கீழே போனால் துருத் தடுப்பு வலுவிழக்கும், சீக்கிரமே மாற்றிவிடுவது நல்லது. வெறும் தண்ணீரிலேயே மாதக்கணக்கில் ஓட்டினால் இரும்பு பிளாக் துருப்பிடிக்கும், அலுமினிய ஹெட் அரிக்கும், வாட்டர் பம்ப் சீல் தேயும்.

கூலன்ட் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ போகிறது: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டர் ஓரம், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் குறைந்து, சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஒழுகலைச் சரிசெய்தபின், ஆறிய இன்ஜினில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கும் வால்வு) திறக்கும்வரை ஓடவிடுங்கள். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடேறுவதே அடையாளம். ஆறவிட்டு வடியுங்கள், தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். வடித்தபிறகும் பிளாக்கிலும் ஹீட்டரிலும் ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் தங்கிவிடும். அதன்மேல் கடையில் கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கூலன்ட் வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை (இங்கே 3 லிட்டர்) முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வண்டியின் கையேடு சொல்லும் வகையை மட்டும் வாங்குங்கள். பொருந்தாத வகைகள் கலந்தால் சில சமயம் கூழாகி அடைத்துக்கொள்ளும்.

காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்து வையுங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்க் அளவு இறங்கியிருக்கும். மேக்ஸ் கோடுவரை நிரப்புங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய் பூனை குடித்துவிடும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து.